கடைசிக் கணக்கை எந்த வாசலில் கேட்பது?

வேலையை விட்டு வந்தாயிற்று. நிறுவனம் முடித்துத் தர வேண்டிய கடைசிக் கணக்குப் பணம் வரவில்லை. இந்த நிலையில் பெரும்பாலானவர்கள் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். மனிதவளப் பிரிவுக்கு வாரம் ஒருமுறை தொலைபேசியில் அழைத்து, "நடவடிக்கையில் இருக்கிறது சார்" என்ற பதிலை வாங்கிக்கொண்டு வைத்துவிடுகிறார்கள். அல்லது பொறுமை தீர்ந்த ஒரு நாளில் நேராக வழக்கறிஞரைப் பார்த்து நோட்டீஸ் விடச் சொல்கிறார்கள். முதலாவது வழியில் மாதங்கள் கரைகின்றன, இரண்டாவதில் பணம் கரைகிறது. நடுவே இருக்கும் வழிகளைப் பற்றிப் பலருக்கும் யாரும் சொல்வதில்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் ஒரு தனியார் நிறுவனத்தை விட்டு வந்த சாதாரண ஊழியருக்கு, தேதி போட்டு எழுதிய ஒரு கோரிக்கைக் கடிதமும், அதற்குப் பதில் வராவிட்டால் தொழிலாளர் துறையில் ஒரு மனுவும்தான் சரியான வழி. வக்கீல் நோட்டீஸ் சிலருக்குத்தான் பொருந்தும். உரிமையியல் வழக்கு இன்னும் சிலருக்கு. ஆனால் அந்த முடிவுக்குப் போவதற்கு முன், நிறுவனத்திடம் நமக்கு என்னென்ன வரவேண்டியிருக்கிறது என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஏனென்றால் ‘செட்டில்மென்ட்’ என்று நாம் ஒரே சொல்லில் சொல்வது ஒரே பணம் அல்ல. அதற்குள் நான்கைந்து பணங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு கெடு, வெவ்வேறு அலுவலர்.

கணக்குக்குள் இருக்கும் கணக்குகள்

முதலில் வேலை செய்த நாட்களுக்கான சம்பளம். 1936-ஆம் ஆண்டின் சம்பளப் பட்டுவாடாச் சட்டத்தில் ஒரு ஓட்டை இருந்தது. நிறுவனம் ஒருவரை வேலையிலிருந்து நீக்கினால் இரண்டாவது வேலைநாள் முடிவதற்குள் பணம் தர வேண்டும் என்று அது சொன்னது. தானாக ராஜினாமா செய்தவரைப் பற்றி அந்தப் பிரிவு பேசவில்லை. அந்தச் சட்டமே மாதம் 24,000 ரூபாய் வரை ஊதியம் பெறுபவர்களுக்குத்தான் பொருந்தியது. 2019-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஊதியச் சட்டத் தொகுப்பு இந்த இரண்டையும் மாற்றியது. நீக்கப்பட்டாலும், ஆட்குறைப்பில் போனாலும், ராஜினாமா செய்தாலும், நிறுவனமே மூடப்பட்டாலும், இரண்டு வேலைநாட்களுக்குள் ஊதியம் கைக்கு வர வேண்டும் என்கிறது அதன் 17-ஆவது பிரிவு. மேலாளர், நிர்வாகப் பணியாளர் எல்லோரும் அதில் ‘ஊழியர்’தான். இந்தத் தொகுப்பு உட்பட நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தன.

ஆனாலும் நிறுவனங்களின் கடிதங்களில் இன்னும் "கடைசி வேலைநாளிலிருந்து 45 நாட்களுக்குள்" என்ற வரி அச்சு மாறாமல் வந்துகொண்டிருக்கிறது. அந்த 45 நாள் எந்தச் சட்டத்திலும் இல்லை. அது நிறுவனங்கள் தங்கள் வசதிக்கு வைத்துக்கொண்ட வழக்கம். நியமனக் கடிதத்தில் நீங்கள் அதற்குக் கையெழுத்துப் போட்டிருந்தாலும் கவலையில்லை. சட்டம் தரும் தொகையை விட்டுக்கொடுப்பதாக ஊழியர் எழுதிக்கொடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்று ஊதியச் சட்டத் தொகுப்பின் 60-ஆவது பிரிவு சொல்கிறது.

அடுத்தது எடுக்காத விடுப்புக்கான பணம். ஆலைத் தொழிலாளிக்கு இருபது நாள் வேலைக்கு ஒரு நாள் என்று சம்பளத்துடன் கூடிய விடுப்பு சேர்வது தொழிற்சாலைச் சட்டத்தின் பழைய கணக்கு. அவர் தானாக விலகினாலும் அந்தப் பணத்தை இரண்டாவது வேலைநாளுக்குள் கொடுக்க வேண்டும் என்று அதே சட்டம் சொல்லியிருந்தது. அலுவலக ஊழியர்களுக்கு நியமனக் கடிதத்தையும் விடுப்பு விதிகளையும் பார்க்க வேண்டும். தற்செயல் விடுப்பைப் பெரும்பாலான நிறுவனங்கள் பணமாக்குவதில்லை, அதில் நேரத்தை வீணாக்க வேண்டாம்.

போனஸ் பற்றி யாரும் கேட்பதே இல்லை. தீபாவளிக்கு முன் வேலையை விட்டவர்கள், போனஸ் போய்விட்டது என்று தாங்களாகவே முடிவு கட்டிக்கொள்கிறார்கள். போனஸ் சட்டம் பொருந்தும் நிறுவனத்தில், மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் வாங்கிய ஒருவர், அந்தக் கணக்காண்டில் 30 நாள் வேலை செய்திருந்தாலே, வேலை செய்த காலத்துக்கான போனஸ் அவருக்கு உண்டு. குறைந்தது 8.33 விழுக்காடு. கணக்காண்டு முடிந்து எட்டு மாதத்துக்குள் தர வேண்டும். அதாவது மார்ச்சில் கணக்கு முடிக்கும் நிறுவனம் நவம்பர் முடிவதற்குள். ஜூலையில் விலகியவருக்கு அதற்கு முந்தைய முழு ஆண்டின் போனஸும் நிற்கிறது, நடப்பாண்டின் நான்கு மாதத்துக்கான பங்கும் நிற்கிறது. மோசடி, திருட்டு, பணியிடத்தில் வன்முறை போன்ற காரணங்களுக்காக நீக்கப்பட்டவருக்கு மட்டும் இது கிடையாது.

பிறகு பணிக்கொடை. ஆலை வாசல்களில் எல்லோரும் சொல்வது கிராஜுவிட்டி. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம், ஐந்து ஆண்டுத் தொடர்பணி, கடைசியாக வாங்கிய மாத ஊதியத்தை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கி, பணியாற்றிய ஆண்டுகளால் பெருக்குவது, உச்சவரம்பு 20 லட்சம் ரூபாய். இவ்வளவும் பலருக்குத் தெரியும். தெரியாதது இரண்டு. நான்கு ஆண்டு முடித்து ஐந்தாம் ஆண்டில் 240 நாள் வேலை செய்தவருக்கும் பணிக்கொடை உண்டு என்று மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. "ஐந்து வருடம் ஆகவில்லையே" என்று மூன்று வாரம் குறைவாக இருப்பவரை அனுப்பிவைப்பது தமிழ்நாட்டில் எளிதில் எடுபடாது. இரண்டாவது, குறிப்பிட்ட காலத்துக்கு என்று ஒப்பந்தம் போட்டு வேலைக்கு எடுக்கப்பட்டவருக்கு, சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின்படி ஓராண்டு பணி போதும்.

கடைசியாக வருங்கால வைப்பு நிதி. அந்தப் பணம் நிறுவனத்தின் கையில் இல்லை, வைப்பு நிதி அமைப்பிடம் இருக்கிறது. "நிலுவையில்லாச் சான்று கொடுத்தால்தான் பி.எஃப். எடுக்க விடுவோம்" என்று ஒரு மேலாளர் மிரட்டினால் அவரிடம் இல்லாத ஒன்றைக் காட்டி மிரட்டுகிறார் என்று பொருள். நிறுவனம் விலகிய தேதியைப் பதிவு செய்யாமல் இழுத்தடித்தால், கடைசிச் சந்தா கட்டிய மாதத்திலிருந்து இரண்டு மாதம் கழித்து உறுப்பினரே யு.ஏ.என். என்ற தன் வைப்பு நிதி எண்ணைக் கொண்டு இணையக் கணக்கில் புகுந்து அதைப் பதிவு செய்துகொள்ளலாம்.

ஒரு தாளைக் கையில் எடுத்துப் பார்ப்போம்

ஒரு எடுத்துக்காட்டு. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு நிறுவனத்தில் 6 ஆண்டு 7 மாதம் வேலை செய்தவர். மாதம் மொத்தம் 40,000 ரூபாய். அதில் அடிப்படைச் சம்பளம் 14,000, மீதியெல்லாம் வீட்டு வாடகைப்படி, பயணப்படி. நியமனக் கடிதத்தில் 60 நாள் முன்னறிவிப்பு என்று இருக்கிறது. அவர் 30 நாள் வேலை செய்துவிட்டு விலகிவிட்டார்.

பணிக்கொடைக்கு ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மிச்சம் முழு ஆண்டாகும். ஆகவே 7 ஆண்டு. நிறுவனம் 14,000-ஐ வைத்துக் கணக்குப் போட்டு 56,538 ரூபாய் என்று எழுதியிருக்கும். புதிய தொகுப்புகளில் ‘ஊதியம்’ என்பதற்கு ஒரு வரையறை இருக்கிறது. விலக்கப்பட்ட படிகள் மொத்தத்தில் பாதிக்கு மேல் போனால், மேலே போன பகுதியும் ஊதியமாகவே கருதப்படும். 40,000-இல் பாதி 20,000. இங்கே படிகள் 26,000. அதிகமாக உள்ள 6,000 ஊதியத்தோடு சேர்ந்து 20,000 ஆகிறது. இப்போது பணிக்கொடை 80,769 ரூபாய். ஒரு வரி வித்தியாசத்தில் 24,231 ரூபாய். இந்த விதி நடைமுறைக்கு வந்த பிறகு விலகியவர்கள் பார்க்க வேண்டிய முதல் வரி இதுதான்.

அடுத்து பிடித்தம். குறைவாகச் செய்த 30 நாள் முன்னறிவிப்புக்கு நிறுவனம் 40,000 ரூபாயைக் கழித்திருக்கும். நியமனக் கடிதத்தை எடுத்துப் பாருங்கள். "அடிப்படைச் சம்பளம்" என்று இருந்தால் கழிக்க வேண்டியது 14,000 மட்டுமே. சில தாள்களில் அந்த 40,000-க்கு மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. என்று 7,200 ரூபாயும் பிடித்திருப்பார்கள். முன்னறிவிப்புக்குப் பதிலாகப் பிடிக்கும் பணத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது என்று மறைமுக வரிகள் வாரியம் 2022 ஆகஸ்டிலேயே சுற்றறிக்கை விட்டுவிட்டது. கணக்குப் பிரிவில் இருக்கும் மென்பொருளுக்கு அந்தச் சுற்றறிக்கை போய்ச் சேரவில்லை போலும்.

மடிக்கணினி கீறல், அடையாள அட்டை, பயிற்சிச் செலவு என்று வரும் பிடித்தங்களையும் சும்மா விட வேண்டாம். ஊழியரிடம் நேரடியாக ஒப்படைக்கப்பட்ட பொருள், அவருடைய கவனக்குறைவால் நேர்ந்த இழப்பு, இந்த இரண்டும் இருந்தால்தான் பிடிக்கலாம். அதற்கும் முன்னால் விளக்கம் கேட்க வேண்டும். ஒரு ஊதியக் காலத்தில் மொத்தப் பிடித்தம் பாதிச் சம்பளத்தைத் தாண்டக் கூடாது. பயிற்சிப் பத்திரம் மட்டும் கொஞ்சம் கனமானது. மூன்றாண்டுக்கு முன் விலகினால் இரண்டு லட்சம் கட்ட வேண்டும் என்று ஒரு பொதுத்துறை வங்கி போட்ட நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் தீர்ப்பளித்தது. அதற்காக எந்தப் பத்திரமும் செல்லும் என்று ஆகிவிடாது. ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆவது பிரிவின்படி நியாயமான ஈடு எவ்வளவோ அவ்வளவுதான். இரண்டு நாள் கூட்ட அறையில் உட்காரவைத்துப் படம் காட்டியதற்கு ஒரு லட்சம் கேட்டால் அது ஈடு ஆகாது.

வழி ஒன்று: எழுத்தில் கேட்பது

இதைப் பலர் ஏளனமாகப் பார்க்கிறார்கள். ஆனால் மற்ற எல்லா வழிகளும் இதன் மேல்தான் நிற்கின்றன. தொலைபேசியில் பேசியது எதுவும் ஆவணம் ஆகாது. கடைசி வேலைநாள் எது, என்னென்ன தலைப்பில் எவ்வளவு வரவேண்டும், எந்தத் தேதிக்குள் வராவிட்டால் தொழிலாளர் துறைக்குப் போவேன், இந்த மூன்றையும் ஒரு பக்கத்தில் எழுதினால் போதும். மின்னஞ்சலிலும் அனுப்ப வேண்டும், தபாலிலும் அனுப்ப வேண்டும். பழைய பதிவுத் தபால் 2025-இல் விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டுவிட்டது. தபால் நிலையத்தில் விரைவுத் தபாலில் பதிவு வசதியும், பெற்றுக்கொண்டதற்கான சான்றும் கேட்டு வாங்க வேண்டும்.

மனிதவளப் பிரிவிலிருந்து கணக்குப் பிரிவுக்கு அனுப்பப்படாமல் ஒரு தாள் எங்கோ கிடப்பதால்தான் பணம் நிற்கிறது என்றால், தேதி போட்ட இந்தக் கடிதமே அதை நகர்த்திவிடும். பெரிய நிறுவனங்களில் சட்டப் பிரிவுக்கு நகல் போட்டாலே பாதி வேலை முடிகிறது. கொடுக்க மனமே இல்லாத சிறு முதலாளியிடம் இது செல்லாது. அங்கே கடிதம் அடுத்த படிக்கான சான்று மட்டுமே.

வழி இரண்டு: வக்கீல் நோட்டீஸ்

நோட்டீஸுக்குத் தனியாகச் சட்டப் பலம் ஒன்றும் இல்லை. நீங்களே எழுதிய கடிதத்தில் இருப்பதைத்தான் அதுவும் சொல்லும், கொஞ்சம் கடுமையான மொழியில். அதன் பலம் முழுக்க எதிராளியின் பயத்தைப் பொறுத்தது. சட்டப் பிரிவு வைத்திருக்கும் நிறுவனம் பயப்படாது. அதைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டு, "எங்கள் வழக்கறிஞர் பதில் தருவார்" என்று சொல்லிவிடும். அந்தப் பதிலில் உங்கள் மேல் புதிதாக நான்கு குற்றச்சாட்டுகள் முளைத்திருக்கும். வேலை ஒழுங்காகச் செய்யவில்லை, ரகசியங்களை எடுத்துச் சென்றார், சொல்லாமல் ஓடிவிட்டார் என்று.

யாருக்குப் பொருந்தும் என்றால், தொகை பெரிது, உங்கள் பதவி பெரிது, ஊக்கத்தொகையோ பங்கு உரிமையோ தகராறில் இருக்கிறது என்றால் பொருந்தும். நிறுவனம் தந்த காசோலை திரும்பி வந்திருந்தால் கட்டாயம் தேவை. காசோலை திரும்பிய செய்தி கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ் போக வேண்டும், அதற்குப் பிறகு 15 நாள் அவகாசம், அப்புறம் ஒரு மாதத்துக்குள் குற்றவியல் நீதிமன்றத்தில் புகார். பாக்கிச் சம்பளத்துக்குப் பின்தேதியிட்ட காசோலை கொடுத்துவிட்டுத் தப்பித்ததாக நினைக்கும் முதலாளி, உண்மையில் தன் கழுத்தில் தானே சுருக்கு மாட்டிக்கொள்கிறார். நாட்களைத் தவறவிட்டால் மட்டும் அந்த ஆயுதம் மழுங்கிவிடும்.

வழி மூன்று: தொழிலாளர் துறை

என் வாக்கு இதற்குத்தான். ஆகவே இதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும்.

முதலில் எந்த வாசல் என்று தெரிய வேண்டும். பெரும்பாலான தனியார் நிறுவனங்கள், கடைகள், ஆலைகள், மென்பொருள் நிறுவனங்கள் எல்லாம் மாநில அரசின் தொழிலாளர் துறைக்குக் கீழ் வருகின்றன. ரயில்வே, துறைமுகம், சுரங்கம், பல மாநிலங்களில் கிளை உள்ள வங்கி, காப்பீட்டு நிறுவனம் போன்றவை மத்திய அரசின் தொழிலாளர் ஆணையரிடம் போகும். அந்த இடங்களில் ஒப்பந்ததாரர் மூலம் வேலை செய்தவருக்கும் பெரும்பாலும் அதே வாசல்தான். தவறான அலுவலகத்தில் கொடுத்த மனு மூன்று மாதம் கழித்துத் திரும்பி வருவதைப் போல எரிச்சலூட்டுவது வேறில்லை.

ஊதியச் சட்டத் தொகுப்பின் 45-ஆவது பிரிவின்படி, ஊதியக் கோரிக்கைகளை விசாரிக்க அரசிதழ்ப் பதிவு பெற்ற அலுவலர் ஒருவர் இருப்பார். ஊழியரே மனு கொடுக்கலாம், பதிவு பெற்ற தொழிற்சங்கமும் கொடுக்கலாம். ஒரே நிறுவனத்தில் பாதிக்கப்பட்ட பத்துப் பேர் சேர்ந்து ஒரே மனுவாகவும் கொடுக்கலாம். மூன்றாண்டுகளுக்குள் கேட்க வேண்டும். அலுவலர் மூன்று மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும். பாக்கித் தொகைக்கு மேல் அதைப் போல பத்து மடங்கு வரை ஈட்டுத்தொகை விதிக்கலாம். உத்தரவுக்குப் பிறகும் கொடுக்காவிட்டால், மாவட்ட ஆட்சியர் மூலம் நில வருவாய் நிலுவையைப் போல வசூலிக்கலாம்.

பத்து மடங்கு என்றதும் கனவு காணத் தொடங்க வேண்டாம். அது உச்ச வரம்பு. ஆனால் பேச்சு மேசையில் அந்த வரி இருக்கிறது என்பதே நிறுவனத்தின் குரலை இறக்கும். மூன்று மாதம் என்பதும் காகிதத்தில் உள்ளது. நிறுவனத்தின் பிரதிநிதி முதல் வாய்தாவுக்கு வரமாட்டார். இரண்டாவதில் அவகாசம் கேட்பார். மூன்றாவதில்தான் கோப்பைத் திறப்பார்கள். அப்படியிருந்தும் உரிமையியல் நீதிமன்றத்தைவிட இது பல மடங்கு வேகம்.

ஒரு எச்சரிக்கை. சட்டங்கள் மாறும் இந்த இடைக்காலத்தில் பழைய சட்டங்களின் விதிகளும் அறிவிக்கைகளும் தொடரும் என்று மத்திய அரசு அறிவித்திருக்கிறது. பழைய சட்டத்தில் கெடு 12 மாதம். ஆகவே மூன்றாண்டு இருக்கிறதே என்று தூங்காமல், 12 மாதத்துக்குள் மனுவைக் கொடுத்துவிடுவதே பத்திரம். மனுவில் புதிய பிரிவையும் பழைய பிரிவையும் சேர்த்தே குறிப்பிடலாம்.

நீக்கப்பட்டதே தவறு என்று வாதிடுபவர் வேறு பாதையில் போக வேண்டும். அது தொழில் தகராறு. அதில் சமரச அலுவலர் முன் இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசுவார்கள். பழைய தொழில் தகராறுச் சட்டப்படியும், அதன் இடத்தில் வந்த புதிய தொகுப்பின்படியும் அந்த அறையில் வழக்கறிஞருக்கு இடமில்லை. மெத்தப் படித்த வழக்கறிஞரை முன்னிறுத்திப் பழகிய நிறுவனம் அங்கே தன் மனிதவள மேலாளரை மட்டும் அனுப்பியாக வேண்டும். இதை நான் ஏழைத் தொழிலாளிக்குக் கிடைத்த பெரிய வசதியாகவே பார்க்கிறேன். ஆனால் இந்தப் பாதை ‘தொழிலாளி’ என்ற வரையறைக்குள் வருபவருக்கு மட்டும். மேலாளர்களும், மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் மேற்பார்வையாளர்களும் அதற்குள் வரமாட்டார்கள். பழைய சட்டத்தில் அந்த வரம்பு 10,000-ஆக இருந்தது. பெயர்ப்பலகையில் ‘மேலாளர்’ என்று இருப்பதால் மட்டும் ஒருவர் மேலாளர் ஆகிவிட மாட்டார். அவர் உண்மையில் செய்த வேலை என்ன என்றுதான் பார்ப்பார்கள்.

பணிக்கொடைக்கு அதே துறையில் தனி அலுவலர், தனி நடைமுறை. முதலில் நிறுவனத்துக்குப் படிவத்தில் விண்ணப்பம். பணம் தர வேண்டிய நாளிலிருந்து 30 நாள் தாண்டினால் தனி வட்டி ஓடத் தொடங்கும். அதன் பிறகு கட்டுப்பாட்டு அலுவலர் எனப்படும் அந்தத் தனி அலுவலரிடம் மனு. இந்த வழியின் சிறப்பு மேல்முறையீட்டில் இருக்கிறது. உத்தரவை எதிர்த்து மேல்முறையீடு செய்ய வேண்டுமானால் நிறுவனம் முதலில் முழுத் தொகையையும் கட்டிவிட வேண்டும். ‘மேல்முறையீடு போட்டு ஐந்து வருடம் இழுப்போம்’ என்ற வழக்கமான தந்திரம் இங்கே பலிக்காது. உங்கள் கணக்கில் பெரிய பகுதி பணிக்கொடைதான் என்றால், வேறு எதையும் யோசிக்காமல் இந்த வாசலுக்குப் போகலாம்.

பி.எஃப். புகார் வைப்பு நிதி அமைப்பின் குறைதீர்ப்புத் தளத்தில். சம்பளத்தில் பிடித்த பங்கை நிறுவனம் கட்டவே இல்லை என்று உங்கள் கணக்குப் புத்தகம் காட்டினால், அது வெறும் பாக்கி அல்ல. நம்பிக்கை மோசடி என்ற குற்றம். சம்பளப் பாக்கிக்குக் காவல் நிலையம் போகிறவர்களை அங்கே, "இது சிவில் விவகாரம்" என்று அனுப்பிவிடுவார்கள். பெரும்பாலும் அது சரியும்கூட. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அந்தப் பதில் சரியல்ல.

ஒப்பந்ததாரர் மூலம் ஸ்ரீபெரும்புதூரிலோ திருப்பூரிலோ வேலை செய்தவர், ஒப்பந்ததாரரைக் காணவில்லை என்பதற்காகக் கைவிட வேண்டியதில்லை. அவர் ஊதியம் கொடுக்காவிட்டால் வேலை வாங்கிய முதன்மை நிறுவனமே கொடுக்கக் கடமைப்பட்டது. மனுவில் இரண்டு பேரையும் எதிர்மனுதாரராகச் சேர்க்க வேண்டும். வாயிற்காவலர் தந்த நுழைவுச்சீட்டு, வருகைப் பதிவின் கைபேசிப் படம், வங்கிக் கணக்கில் விழுந்த பழைய சம்பள வரி, இவையெல்லாம் அங்கே சான்று.

வழி நான்கு: உரிமையியல் நீதிமன்றம்

மாதம் இரண்டு லட்சம் வாங்கிய துணைத் தலைவர், பத்து லட்சம் ஊக்கத்தொகைக்காகச் சண்டையிடுகிறார் என்றால் இதுதான் அவர் இடம். பாக்கி விழுந்த நாளிலிருந்து மூன்றாண்டு காலவரம்பு. தமிழ்நாட்டில் நீதிமன்றக் கட்டணத்தை 2017-இல் 7.5 விழுக்காட்டிலிருந்து 3 விழுக்காடாகக் குறைத்துவிட்டார்கள். தொகை எழுத்தில் ஒப்புக்கொள்ளப்பட்டிருந்தால் சுருக்க நடைமுறையில் வழக்குப் போடலாம். இருந்தாலும் வருடக் கணக்கில் ஆகும். 60,000 ரூபாய்க்காக இந்தப் பக்கம் திரும்ப வேண்டாம்.

நிறுவனமே நொடித்துப்போனால் கதை வேறு. திவால் நடைமுறை தொடங்கிவிட்டால் மற்ற வழக்குகள் நின்றுவிடும். பொது அறிவிப்பில் சொன்ன தேதிக்குள், அந்த நடைமுறையை நடத்த நியமிக்கப்பட்ட தீர்வாளரிடம் உரிய படிவத்தில் உங்கள் பாக்கியைப் பதிவு செய்ய வேண்டும். நிறுவனம் கலைக்கப்பட்டால், தொழிலாளர்களின் முந்தைய 24 மாதப் பாக்கி பிணை வாங்கிக் கடன் கொடுத்தவர்களின் பாக்கிக்குச் சமமாக நிற்கும். மற்ற ஊழியர்களின் 12 மாதப் பாக்கி அதற்கு அடுத்த வரிசையில். பி.எஃப்., பணிக்கொடை நிதிகள் கலைப்புச் சொத்தில் சேராது. 2019 ஏப்ரலில் பறப்பதை நிறுத்திய ஜெட் ஏர்வேஸின் ஊழியர்கள், தங்கள் பி.எஃப்., பணிக்கொடையை முழுதாகத் தர வேண்டும் என்ற உத்தரவை 2022 அக்டோபரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தில் பெற்றார்கள். உச்ச நீதிமன்றமும் அதில் தலையிடவில்லை. பிறகு 2024 நவம்பரில் அந்த நிறுவனத்தைக் கலைக்கவே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த ஊழியர்களைக் கேட்டால் தெரியும், வரிசையில் நம் பெயர் இருப்பதும் பணம் கைக்கு வருவதும் வேறு வேறு என்று. ஆகவே சம்பளம் இரண்டு மாதம் தாமதமாகத் தொடங்கும் நிறுவனத்தில், வெளியே வருவதைத் தள்ளிப்போடாமல் இருப்பது தனி உத்தி.

பணமா, விடுவிப்புக் கடிதமா?

உண்மையில் பலர் எந்த வழியையும் எடுக்காமல் இருப்பதற்குக் காரணம் சட்டம் தெரியாதது அல்ல. விடுவிப்புக் கடிதம்தான். "முப்பதாயிரத்தை விட்டுக்கொடுங்கள், கடிதம் தருகிறோம்" என்று வாய்மொழியாகச் சொல்வார்கள். புதிய நிறுவனம் அந்தக் கடிதம் இல்லாமல் சேர்க்காது என்ற பயம் நியாயமானது. கையில் வேறு வேலை உறுதியாக இருந்து, அங்கே கடிதம் கட்டாயம் என்றால், முதலில் கடிதத்தை வாங்கிக்கொள்வதில் எனக்கு மறுப்பில்லை. "முழுத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதிய தாளில் கையெழுத்து கேட்டால், முடிந்தால் "என் உரிமைகளைக் கைவிடாமல் பெற்றுக்கொள்கிறேன்" என்று பக்கத்தில் எழுதிக் கையெழுத்திடலாம். அதற்கு விடமாட்டார்கள் என்றால், அன்றே மின்னஞ்சலில் மறுப்பைப் பதிவு செய்யலாம். மேலே சொன்ன 60-ஆவது பிரிவு அந்தக் கையெழுத்துக்கும் பொருந்தும் என்றே நீங்கள் வாதிட முடியும்.

ஆனால் புதிய நிறுவனத்திடம் முதலிலேயே பேசிப் பார்ப்பது நல்லது. ராஜினாமாவை ஏற்ற மின்னஞ்சல், மூன்று மாதச் சம்பளச் சீட்டு, பி.எஃப். பணி வரலாறு, வருமான வரித் துறையின் வரிப்பிடித்தப் பதிவு, இவை நான்கும் இருந்தால் பல நிறுவனங்கள் ஏற்றுக்கொள்கின்றன. அப்படி ஏற்றுக்கொண்டால் பழைய நிறுவனத்தின் கையில் இருந்த ஒரே பிடி போய்விடும். அசல் கல்விச் சான்றிதழ்களை வாங்கிவைத்துக்கொண்டு தராத நிறுவனங்களும் இருக்கின்றன. அவற்றைப் பணயமாகப் பிடித்து வைக்கும் உரிமை எந்த முதலாளிக்கும் கிடையாது. மனுவில் அதையும் ஒரு தனிக் கோரிக்கையாக எழுத வேண்டும்.

செலவுக்கு வழி

பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மேலே சொன்ன தொழிலாளி என்ற வரையறைக்குள் வருபவர்கள், இவர்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவச வழக்கறிஞரைத் தரும். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அதன் அலுவலகம் இருக்கும். 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். வழக்குப் போடுவதற்கு முன்பே லோக் அதாலத் எனும் மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் செய்துகொள்ளும் வசதியும் அங்கே உண்டு. தொகை சிறிது, நிறுவனமும் பேச வரும் என்றால், அது நோட்டீஸைவிட நல்ல முதலீடு. முதலமைச்சரின் உதவி மையமான 1100-இல் புகார் பதிவு செய்வது மனுவுக்கு மாற்றாகாது. ஆனால் கொடுத்த மனு ஏதோ ஒரு மேசையில் தூங்கினால் அதை எழுப்ப உதவும்.

கடைசி வேலைநாளுக்கு முன்பே நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகள், விடுப்பு இருப்பைக் காட்டும் பக்கம், ராஜினாமாவும் அதற்கு வந்த பதிலும், இவற்றைச் சொந்த மின்னஞ்சலுக்கு எடுத்துக்கொண்டுவிட வேண்டும். கணினியை ஒப்படைத்த மறுநிமிடம் அந்தக் கதவு மூடிக்கொள்ளும். நிறுவனத்தின் வாடிக்கையாளர் பட்டியலையோ கோப்புகளையோ சேர்த்து எடுத்துவிடாதீர்கள். அதைச் செய்தால், நாளை விசாரணை அறையில் கேள்வி கேட்கும் இடத்தில் அவர்களும் பதில் சொல்லும் இடத்தில் நீங்களும் உட்கார நேரும்.